உங்கள் ஊர் டிவியில் எந்த ஆட்டம்? என்எஃப்எல் சந்தா கட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

2024 கோடையில் என் மைத்துனர் ஹூஸ்டனிலிருந்து கனெக்டிகட்டுக்கு, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு அப்பார்ட்மென்டுக்குக் குடிவந்தார். அந்த ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்றால் அவருக்கு உயிர். செப்டம்பரில் சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு மதியம் போன் செய்தார். "மாமா, ஹூஸ்டன்ல சிபிஎஸ் போட்டா டெக்ஸன்ஸ் ஓடும். இங்க அதே சிபிஎஸ்ல பேட்ரியாட்ஸ் ஓடுது. ரெண்டு மேட்சும் இப்பதான நடக்குது? ஒரே சேனல்ல எப்படி வேற வேற மேட்ச்?"

நியாயமான கேள்வி. ஐபிஎல் பார்த்து வளர்ந்த நமக்கு, சென்னையில் தெரியும் ஆட்டம்தான் டெல்லியிலும் தெரியும். வர்ணனையின் மொழி மாறும், ஆட்டம் மாறாது. என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீகில் அப்படி இல்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஏழெட்டு ஆட்டங்கள் ஒன்றாகத் தொடங்கும். அவற்றை சிபிஎஸ், ஃபாக்ஸ் என்ற இரண்டு சேனல்கள் நாடு முழுவதும் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் காட்டும். உங்களுக்கு எந்தத் துண்டு வரும் என்பது நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது. அது புரியாமல் சந்தா வாங்குகிறவர்கள் எங்கள் ஊர்த் தமிழர்களிலேயே நிறைய. நூற்றுக்கணக்கான டாலர் விஷயம் என்பதால், மைத்துனரோடு உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

வரைபடம் எப்படி உருவாகிறது

டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 டிவி மார்க்கெட்டுகளாக, அதாவது ஒரே உள்ளூர் நிலையங்களைப் பார்க்கும் பகுதிகளாக, பிரித்து வைத்திருக்கிறது. மிகப் பெரியது நியூயார்க். மிகச் சிறியது மான்டானா மாநிலத்தின் கிளென்டைவ். மாநில எல்லைக்கும் மார்க்கெட் எல்லைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எங்கள் கனெக்டிகட் சின்ன மாநிலம்தான். ஆனால் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஸ்டாம்ஃபோர்டு நியூயார்க் மார்க்கெட்டில் வருகிறது, ஹார்ட்ஃபோர்டும் நியூ ஹேவனும் சேர்ந்து தனி மார்க்கெட். காரில் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும் ஸ்டாம்ஃபோர்டு நண்பர் வீட்டில் சிபிஎஸ் போட்டால் நியூயார்க் அணியான ஜெட்ஸ், ஹார்ட்ஃபோர்டில் என் வீட்டில் போட்டால் பெரும்பாலும் பாஸ்டன் பக்கத்து அணியான பேட்ரியாட்ஸ்.

முதல் விதி எளிது. சொந்த அணி இருக்கும் மார்க்கெட்டில் அந்த அணியின் எல்லா ஆட்டமும் காட்டப்பட வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் பேக்கர்ஸ் அணிக்கு கிரீன் பே மட்டுமல்ல, மில்வாக்கியும் சொந்த மார்க்கெட்டாகக் கணக்காகிறது. 1994 வரை அவர்கள் சில ஆட்டங்களை மில்வாக்கியில் ஆடினார்கள், அந்த உறவு டிவியில் இன்னும் தொடர்கிறது. ஸ்டேடியத்திலிருந்து 75 மைல் வட்டத்துக்குள் எட்டும் பக்கத்து மார்க்கெட்டுகளுக்கும் சில கட்டாயங்கள் உண்டு.

அடுத்தது சேனல். லீகின் 32 அணிகள் ஏஎஃப்சி, என்எஃப்சி என இரண்டு பாதி. 1998 முதல் ஏஎஃப்சி சிபிஎஸ்ஸுக்கு, 1994 முதல் என்எஃப்சி ஃபாக்ஸுக்கு. இரண்டு பாதியிலிருந்தும் ஓர் அணி மோதினால், வெளியூரிலிருந்து வரும் அணி எந்தப் பாதியோ அந்தச் சேனல். பல ஆண்டுகள் இதுதான் கணக்கு. 2023இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் இந்தக் கட்டு நன்றாகத் தளர்ந்துவிட்டது. இன்று எந்த ஆட்டமும் எந்தச் சேனலிலும் வரலாம். ஆனாலும் டெக்ஸன்ஸ் பெரும்பாலும் சிபிஎஸ், டல்லாஸ் கௌபாய்ஸ் பெரும்பாலும் ஃபாக்ஸ் என்ற பழைய சாய்வு இருக்கத்தான் செய்கிறது.

பிறகு நேரம். ஒரு ஞாயிறு மதியம் இரண்டு சேனல்களில் ஒன்றுக்கு இரண்டு ஆட்டம் கிடைக்கும், மற்றதற்கு ஒன்று. இரண்டு கிடைத்த சேனலின் பின்மதிய ஆட்டம் கிழக்கு நேரம் 4:25க்குத் தொடங்கும். ஒன்று மட்டும் கிடைத்த சேனல் ஒரு மணிக்கோ 4:05க்கோ காட்டும். வாரா வாரம் இந்த வாய்ப்பு பெரும்பாலும் மாறி மாறி வரும், சில வாரங்களில் இரண்டுக்குமே இரண்டு. ஆகவே சாதாரண வாரத்தில் ஒரு வீட்டுக்கு மதியம் மூன்று ஆட்டம் இலவசமாக வருகிறது. அந்த 4:25 ஆட்டத்தைத்தான் சேனல்கள் பொக்கிஷம் போல வைத்திருக்கின்றன. நாட்டின் பெரும்பகுதிக்கு அதுவே போகும். கௌபாய்ஸ், சீஃப்ஸ் ரசிகர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஓரளவு பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

சொந்த அணி இல்லாத ஊர்களுக்குத்தான் உண்மையான தேர்வு நடக்கிறது. ஐயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அணியும் இல்லை. சுற்றிலும் வைக்கிங்ஸ், பேக்கர்ஸ், பேர்ஸ், சீஃப்ஸ். எந்த ஊருக்கு எது என்று சேனலின் தலைமை அலுவலகமும் உள்ளூர் நிலையமும் பேசி முடிவெடுக்கின்றன. பக்கத்து அணி எது, போன வாரம் எது அதிகம் பார்க்கப்பட்டது, பிளேஆஃப் போட்டியில் எது முக்கியம், அந்தப் பக்கத்துக் கல்லூரியில் ஆடிய பையன் யாராவது களத்தில் இருக்கிறானா, இதெல்லாம் கணக்கில் வரும். முடிவு வாரத்தின் நடுவில் தெரிந்துவிடும். 506 ஸ்போர்ட்ஸ் என்ற தளம் வாராவாரம் நாட்டின் வரைபடத்தில் நிறம் தீட்டி இதை வெளியிடுகிறது. சீசன் முழுக்க நான் தவறாமல் பார்க்கும் பக்கம் அது. ஹார்ட்ஃபோர்டு மேல் என்ன நிறம் விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலே முடிவாகும்.

ஓர் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், இரு அணிக்கும் சொந்தமில்லாத ஊர்களில் நடுவிலேயே வேறு ஆட்டத்துக்கு மாற்றுவார்கள். சொந்த ஊரில் கடைசி நொடி வரை காட்டியே ஆக வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1968 நவம்பர் 17 அன்று ஜெட்ஸ், ரெய்டர்ஸ் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது, ஏழு மணி ஆகிவிட்டதென்று என்பிசி அதை வெட்டி, 'ஹைடி' என்ற குழந்தைகள் படத்தைப் போட்டது. அப்போது ஜெட்ஸ் 32–29 என முன்னிலை. அடுத்து ரெய்டர்ஸ், பந்தை எதிரணியின் எல்லைக் கோடு தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுன் இரண்டை ஒன்பது நொடிகளில் எடுத்து 43–32 என வென்றார்கள். நாட்டின் கிழக்குப் பகுதி ரசிகர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

எங்கள் கனெக்டிகட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்தில் சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்தை அந்த ஊர் டிவியில் காட்டவே மாட்டார்கள். டிக்கெட் முழுக்க விற்றிருந்தாலும் இருட்டடிப்புத்தான். 1958 டிசம்பர் 28 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டியில் பால்டிமோர் கோல்ட்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸை 23–17 என கூடுதல் நேரத்தில் வென்றது. நாடே பார்த்த அந்த ஆட்டம் நியூயார்க் டிவியில் வரவில்லை. அதனால் நியூயார்க் ரசிகர்கள் ஞாயிறுகளில் கனெக்டிகட் மோட்டல்களில் அறை எடுத்து, எங்கள் பக்கத்துச் சேனலில் ஜயன்ட்ஸைப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. 1973இல் வந்த சட்டம், 72 மணி நேரத்துக்கு முன்பே எல்லா டிக்கெட்டும் விற்றால் காட்டியாக வேண்டும் என்றது. 2015இல் லீக் அந்த இருட்டடிப்பையே நிறுத்தி வைத்தது. அன்று மோட்டல் அறைக்குக் கொடுத்த காசைத்தான் இன்று சந்தாவாகக் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

17 ஆட்டத்தில் எத்தனை காசில்லாமல் வரும்

சந்தா விளம்பரத்தைப் பார்க்கும் முன் உங்கள் அணியின் அட்டவணையை எடுங்கள். ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டம். அதில் இரவு ஆட்டங்களும் சனிக்கிழமை ஆட்டங்களும் பண்டிகை ஆட்டங்களும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், அவற்றுக்கு மார்க்கெட் பிரச்சினையே இல்லை. மைத்துனரின் 2024 டெக்ஸன்ஸ் அட்டவணையில் அப்படி ஆறு இருந்தன. என்பிசியில் பேர்ஸ், லயன்ஸ், சீஃப்ஸ் அணிகளோடு மூன்று. அமேசான் பிரைமில் ஜெட்ஸோடு ஒரு வியாழன். இஎஸ்பிஎன்னில் கௌபாய்ஸோடு ஒரு திங்கள். கிறிஸ்துமஸ் அன்று ரேவன்ஸோடு நெட்ஃபிளிக்ஸில் ஒன்று.

மிச்சம் ஞாயிறு மதிய ஆட்டங்கள் 11. அதில் ஒன்று பேட்ரியாட்ஸுக்கு எதிராக, இங்கே பக்கத்திலுள்ள ஃபாக்ஸ்பரோவில். அது ஹார்ட்ஃபோர்டு சிபிஎஸ்ஸில் வந்தே தீரும். ஆக, எந்தப் புதுச் சந்தாவும் இல்லாமல், ஏற்கெனவே வீட்டில் இருந்த பிரைம், நெட்ஃபிளிக்ஸ், அலுவலக நண்பர் வீட்டு இஎஸ்பிஎன் இவற்றோடு ஏழு ஆட்டம் கைக்குள் இருந்தது. தொக்கி நின்றவை பத்து. பேட்ரியாட்ஸ் வேறு சேனலுக்கோ இரவுக்கோ போகும் வாரத்தில் ஹார்ட்ஃபோர்டு சிபிஎஸ்ஸில் இடம் காலியாகும், அப்போது டெக்ஸன்ஸ் வந்து விழவும் வாய்ப்பு உண்டு.

"பத்து மேட்சுக்கா மாமா இவ்ளோ காசு?" என்றார். அந்த ஒரு கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி.

இருக்கும் வழிகள்

ஆன்டெனா. முப்பது நாற்பது டாலருக்கு ஒரு முறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி, ஏபிசி நான்கும் வரும். படமும் தெளிவாக இருக்கும், ஸ்ட்ரீமிங்கைவிடச் சில நொடிகள் முன்பே வரும். பக்கத்து வீட்டுக்காரர் கத்துவதைக் கேட்டு டச்டவுன் என்று தெரிந்துகொள்ளும் கொடுமை இல்லை. குறை, சிக்னல். எங்கள் பக்கம் மலையும் மரமும் அதிகம், அதனால் எந்த ஜன்னலில் வைப்பது என்று ஒரு மாலை முழுக்க நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. தெற்கு ஜன்னலின் மேல் மூலையில் கடைசியாக நின்றது, இன்று வரை அங்கேயே இருக்கிறது. அடித்தள வீடுகளில் சிக்னல் எடுக்காவிட்டால், சிபிஎஸ்ஸுக்குப் பாரமவுண்ட் பிளஸ், என்பிசிக்குப் பீகாக் என்று அந்தந்தச் சேனலின் ஆப் இருக்கிறது. அவற்றிலும் உங்கள் ஊருக்கு உரிய ஆட்டம்தான் வரும்.

வசிக்கும் ஊரின் அணியையே ஆதரிப்பவருக்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவையில்லை. பிரைமிலோ இஎஸ்பிஎன்னிலோ மட்டும் வரும் ஆட்டத்தைக்கூட, மோதும் இரண்டு அணிகளின் சொந்த மார்க்கெட்டில் மட்டும் ஓர் உள்ளூர் சேனலில் இலவசமாகக் காட்டுகிறார்கள். டல்லாஸில் உட்கார்ந்து கௌபாய்ஸ் பார்க்க நானூறு டாலர் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கிய சந்தாவில் கௌபாய்ஸின் ஞாயிறு மதிய ஆட்டமே இருக்காது, உள்ளூரில் வருவதால் அது அடைக்கப்பட்டிருக்கும். கட்டும் முன் யாராவது சொல்லியிருக்கலாமே என்று மனம் கஷ்டப்பட்டது.

என்எஃப்எல் பிளஸ். லீகே நடத்துவது, 2022இல் வந்தது. மலிவான திட்டம் பெயரைப் பார்த்து ஏமாற்றக்கூடியது. உள்ளூர் ஆட்டமும் இரவு ஆட்டமும் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் நேரலையாக வரும். வெளியூர் அணி ரசிகருக்கு நேரலையில் இது எதையும் புதிதாகத் தராது. ஆனால் மேல் திட்டத்தில் ஆட்டம் முடிந்த பிறகு முழு ஆட்டத்தையும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கோர் தெரியாமல் ஞாயிறு இரவு வரை போனை ஒதுக்கி வைக்கும் மன உறுதி இருந்தால் இது அருமையான வழி. குழந்தைகளைத் தமிழ் வகுப்புக்கும் நீச்சலுக்கும் கூட்டிப்போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ரெட்சோன். 2009 முதல் ஸ்காட் ஹான்சன் நடத்தும் சேனல். ஞாயிறு மதியம் ஏழு மணி நேரம், எங்கே கோல் கோடு நெருங்குகிறதோ அங்கே தாவிக்கொண்டே இருக்கும். எல்லா ஆட்டத்தின் சாரமும் வரும், எந்த ஆட்டமும் முழுதாக வராது. ஃபேன்டசி லீக் ஆடுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. விளையாட்டைப் புதிதாகக் கற்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃபுட்பாலின் அழகு ஓர் அணி மெல்ல மெல்ல மைதானத்தில் நகர்ந்து வருவதில் இருக்கிறது. அதற்கு முன் கஜம் கஜமாகப் போராடியது தெரியாமல், கடைசிப் பாய்ச்சலை மட்டும் பார்த்தால் என்ன புரியும்? இன்னொன்று, எந்தப் பேக்கேஜில் வாங்கினால் டிவியில் வரும், எதில் போனில் மட்டும் வரும் என்பது சீசனுக்கு சீசன் மாறுகிறது. கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சண்டே டிக்கெட். பெரிய மீன் இதுதான். 1994 முதல் 2022 வரை டைரக்ட்டிவி என்ற டிஷ் நிறுவனத்திடம் இருந்தது, 2023இல் யூடியூபுக்கு வந்தது. அப்போது அறிவித்த விலை தனியாக வாங்கினால் சீசனுக்கு 449 டாலர், யூடியூப் டிவி என்ற மாதச் சந்தாச் சேவை வைத்திருப்பவருக்கு 349. தள்ளுபடிகள் வந்து போகும், சீசன் ஓட ஓட விலை இறங்குவதும் வழக்கம், கல்லூரி மாணவர்களுக்குத் தனியாகப் பெரிய குறைப்பு உண்டு. எம்எஸ் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

இது தருவது உங்கள் ஊரில் காட்டப்படாத ஞாயிறு மதிய ஆட்டங்கள் மட்டும். ஞாயிறு இரவு இல்லை, திங்கள் இல்லை, வியாழன் இல்லை, உள்ளூர் டிவியில் வருவதும் இல்லை. மைத்துனர் கணக்கில் 449ஐப் பத்தால் வகுத்தால் ஆட்டத்துக்கு 45 டாலர். அணி எவ்வளவு பிரபலமோ அவ்வளவு ஆட்டம் இரவுக்குப் போகும், டிக்கெட்டில் மிஞ்சுவது குறையும். மாறாக, யாரும் இரவில் காட்டாத பலவீனமான அணியின் ரசிகருக்குப் பதினைந்து பதினாறு ஆட்டம்கூட இதில் கிடைக்கலாம், அவருக்கு விலை நியாயமாகிவிடும்.

ஒரே அணியின் ஆட்டங்களை மட்டும் வாங்கும் வசதி இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1961இல் வந்த ஒளிபரப்புச் சட்டம், அணிகள் எல்லாம் சேர்ந்து டிவி உரிமையை ஒரே மூட்டையாக விற்க அனுமதித்தது. கிரீன் பே போன்ற சின்ன ஊர் அணி இன்றும் பிழைத்திருப்பது அந்தப் பங்கீட்டால்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வெளியூர் ரசிகனுக்கு மொத்தமாக விற்றே தீருவேன் என்பது வேறு விஷயம். 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, சண்டே டிக்கெட் சந்தாதாரர்கள் தொடுத்த வழக்கில் லீகுக்கு எதிராகச் சுமார் 470 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. ஆகஸ்ட் முதல் தேதி நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார். இதில் இன்னொரு வேதனை, அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் சேவை வழியாக கேம் பாஸ் என்ற சந்தாவில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் கிடைக்கிறது. மார்க்கெட் எல்லை அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான்.

கடைசி வழி, ஸ்போர்ட்ஸ் பார். சுவர் முழுக்க டிவி, எல்லா ஆட்டமும் ஓடும். போன் செய்து "டெக்ஸன்ஸ் ஒரு டிவியில் போடுவீர்களா" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்கு இருபது இருபத்தைந்து டாலர் ஆகும். சைவக்காரருக்கு உருளைக்கிழங்கும் சீஸ் ஸ்டிக்ஸும்தான் கதி, அதையும் சொல்லிவிட வேண்டும். பத்து ஆட்டத்துக்கும் போனால் சண்டே டிக்கெட்டுக்குக் கிட்டே வந்துவிடும். மூன்று நான்கு முக்கிய ஆட்டத்துக்கு மட்டும் போனால் வேறெதையும்விட மலிவு.

என் தீர்ப்பு

அணி இன்னும் மனதில் பதியாத புதியவர் என்றால், முதல் சீசன் ஆன்டெனாவோடு இருங்கள். உங்கள் ஊர் வரைபடம் எந்த அணியை உங்களுக்குத் தருகிறதோ அதோடு பழகுங்கள். அலுவலகத்தில் திங்கள் காலை பேசுவதற்கும் அதுவே உதவும். ஹார்ட்ஃபோர்டில் நான் பேட்ரியாட்ஸ் ஆளானது இப்படித்தான், வேறு காரணம் கிடையாது.

வெளியூர் அணி ரசிகர் என்றால், அட்டவணை வந்ததும் எண்ணுங்கள். தொக்கி நிற்பது பன்னிரண்டுக்கு மேல் என்றால் சண்டே டிக்கெட் பற்றி யோசிக்கலாம். எட்டுக்குக் கீழே என்றால் வேண்டாம், ஆன்டெனாவும் பாரும் போதும். நடுவில் இருந்தால் சீசன் பாதி வரை பொறுங்கள். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் ஆசை தானாகக் குறையும், ஜெயித்தால் லீகே பின்பாதி ஆட்டங்களை நல்ல நேரத்துக்கு மாற்றும். ஞாயிறு இரவுக்கு 2006 முதலும், திங்களுக்கு 2023 முதலும் அப்படி மாற்றும் அதிகாரம் லீகுக்கு இருக்கிறது.

மைத்துனர் பத்தில் நின்றார். டிக்கெட் வாங்கவில்லை. தன் ஜன்னலுக்கு ஓர் ஆன்டெனா, ஞாயிறு மதியத்துக்கு ரெட்சோன், அப்புறம் மூன்று ஞாயிறு பாருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்டோபர் 13 அன்று டெக்ஸன்ஸ் ஃபாக்ஸ்பரோவுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தார். பேட்ரியாட்ஸுக்கு டிரேக் மே முதல் முறையாகத் தொடக்க குவாட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரராக, இறங்கிய நாள். தெற்கு ஜன்னல் மூலையில் ஆன்டெனா, சோபாவின் இரண்டு முனையில் நாங்கள் இருவரும். 41–21, டெக்ஸன்ஸ். ஆட்டம் முடியும் வரை சேனல் மாறவில்லை. அடுத்த வாரத்து வரைபடம் புதன்கிழமை வரும் என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த பிரியாணியை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.